முள்ளும் காடியும் போதாதா? பிஸ்டலுக்கு விசித்திர சைட் வாங்கும் முன்

கைத்துப்பாக்கியின் அயர்ன் சைட் மொத்தமே இரண்டு உருப்படிதான். குழல் நுனிப் பக்கம் ஒரு முள், கண் பக்கம் ஒரு காடி. காடிக்கு நடுவில் முள் நிற்க வேண்டும்; இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் முள்ளையும் காடியையும் சதுர வெட்டாக ஆக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு வந்த எந்த வடிவமும் துல்லியத்தில் அதைத் தாண்டவில்லை. தாண்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

இப்படிப்பட்ட சைட்டுகளின் சந்தை முக்கியமாக அமெரிக்காவில்தான் இருக்கிறது. புது பைக் எடுத்தவர் அடுத்த வாரமே சீட் கவர் மாற்றுவதைப் போல அங்கே பிஸ்டல் வாங்கியவர் சைட்டை மாற்றுகிறார். இதற்குப் பெரிய காரணம் கிளாக். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்தத் துப்பாக்கி உலகமெங்கும் பரவியது. ஆனால் கம்பெனி அதன்மேல் வைத்து அனுப்பியது பிளாஸ்டிக் சைட். முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் காடியைச் சுற்றி வெள்ளைக் கோடு. ஹோல்ஸ்டரில் உரசி உரசி முள்ளின் ஓரம் மழுங்கிவிடும். எஃகில் ஒன்று வாங்கி மாட்டலாம் என்று கடைக்குப் போனவர் முன் கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கோணம், உருண்டை, வளையம், எட்டு என்று விதவிதமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடை விளக்கின் கீழ் எல்லாமே பளபளக்கும். எதை எடுப்பது?

பெட்டிமேல் எழுதியிருக்கும் வாசகங்களை நம்புவதைவிடச் சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது மேல். கிளாக் 17இல் முள்ளுக்கும் காடிக்கும் இடையே 165 மி.மீ. தூரம் இருக்கிறது. இதை சைட் ரேடியஸ் என்பார்கள். முள் தன் இடத்திலிருந்து 1 மி.மீ. விலகி நின்றால் 7 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 4 செ.மீ. தள்ளி விழும். 25 மீட்டரில் அதே 1 மி.மீ. 15 செ.மீ. ஆகிவிடும். சைட் ரேடியஸ் 137 மி.மீ. மட்டுமே உள்ள குட்டி கிளாக் 26இல் அது 18 செ.மீ. இலக்கு அருகில் இருந்தால் சைட் எப்படி இருந்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. தூரம் கூடக் கூட அந்த 1 மி.மீ. பிழையைக் கண்ணுக்குக் காட்டிக் கொடுக்கும் சைட் தேவைப்படுகிறது.

சதுர முள்ளும் சதுரக் காடியும் இதைத்தான் செய்கின்றன. முள்ளின் இடமும் வலமும் இரண்டு ஒளிக்கீற்றுகள் தெரியும். ஒன்று தடித்து மற்றொன்று மெலிந்தால் பக்கவாட்டில் பிழை. மேலே மூன்று தட்டையான விளிம்புகள் ஒரே கோட்டில் நிற்கும். நடுவில் இருப்பது இம்மியளவு ஏறினாலும் இறங்கினாலும் உயரத்தில் பிழை. இரண்டு நேர்க்கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருப்பதைக் கண்டுபிடிப்பதில் மனிதக் கண் அசாத்தியக் கூர்மை கொண்டது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் பிடித்துப் பார்த்த வெர்னியர் அளவுகோலே அந்தக் கூர்மையை நம்பிச் செய்ததுதான்.

ஆக, வழக்கத்துக்கு மாறான எந்த சைட்டைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இந்தத் தகவல்களில் எதை இது தூக்கி எறிகிறது? எறிந்ததற்குப் பதிலாக எனக்கு என்ன தருகிறது? எதையுமே இழக்காமல் வேகம் மட்டும் கூடும் என்று சொல்பவர் சைட்டை விற்க வந்தவர்.

மிக அதிகம் பேசப்பட்ட விசித்திரம் எக்ஸ்எஸ் கம்பெனியின் பிக் டாட். கம்பெனி டெக்சஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் இருக்கிறது. முன்பு ஆஷ்லி அவுட்டோர்ஸ் என்ற பெயரில் இயங்கியது. யோசனை பழையது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் யானையும் புலியும் சுடப்போன ஆங்கிலேயர்களின் கனரகத் துப்பாக்கிகளில் பின்னால் ஆழமில்லாத ‘வி’ வெட்டும் முன்னால் ஒரு மணியும் இருக்கும். பாய்ந்து வரும் மிருகத்தின் முன் நின்று காடிக்குள் முள்ளைப் பொருத்திக்கொண்டிருக்க நேரமில்லை. மணியை இலக்கின்மேல் வைத்துச் சுட வேண்டியதுதான். அந்த எக்ஸ்பிரஸ் சைட்டை அப்படியே பிஸ்டலுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னால் ஏறத்தாழ 5 மி.மீ. அகலமுள்ள வெள்ளை உருண்டை, அதன் நடுவில் இருட்டில் தானாக ஒளிரும் டிரிடியம் விளக்கு. பின்னால் அகன்ற ‘வி’, அதன் மத்தியில் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு. உருண்டையைக் கோட்டின் தலையில் உட்கார வைத்தால் குறி சரி.

கையில் எடுத்து நீட்டினால் முதல் அனுபவம் பிரமாதமாகத்தான் இருக்கும். வேறு எதுவும் கண்ணில் படாது, உருண்டை மட்டும் நிற்கும். வயதான கண்ணுக்கும், பதற்றத்தில் இலக்கைவிட்டுப் பார்வையை எடுக்க முடியாதவருக்கும் அது உண்மையான உதவி. இதில் சந்தேகமில்லை.

இனி அது எறிந்தது என்ன என்று பார்க்கலாம். நீட்டிய கையில் முள் கண்ணிலிருந்து முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கும். அந்தத் தூரத்தில் 5 மி.மீ. உருண்டை 7 மீட்டர் இலக்கில் நாலரை செ.மீ. வட்டத்தை மறைக்கிறது. பரவாயில்லை. 25 மீட்டரில் மறைப்பது 16 செ.மீ. அந்தப் பதினாறுக்குள் குண்டு எங்கே போகும் என்று உருண்டை சொல்லாது. அதைவிடப் பெரிய இழப்பு உயரம். உருண்டைக்குத் தட்டையான தலை கிடையாது, ‘வி’க்கும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க நேர்க்கோடு எதுவும் இல்லாததால் உருண்டை கோட்டைவிட்டு அரை மி.மீ. மிதந்தாலும் கண் சும்மா இருந்துவிடும். பிக் டாட் வைத்துக்கொண்டு தூரத்தில் சுடுபவர்களின் அட்டையைப் பாருங்கள்: துளைகள் பக்கவாட்டில் ஓரளவு ஒழுங்காகவும் மேலும் கீழும் சிதறியும் இருக்கும். பழகினால் சரியாகிவிடும் என்பார்கள். கொஞ்சம் ஆகும்தான். ஆனால் அதே அளவு பழக்கத்தைச் சாதாரண சைட்டுக்குக் கொடுத்தால் அதுவும் வேகமாகிவிடும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

டெக்சஸில் கைத்துப்பாக்கி உரிமம் வாங்க வைக்கும் சுடுதல் தேர்வில் 50 தோட்டாக்கள்: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. இலக்கு ஆளுயர உருவம். பிக் டாட் வைத்து இதைத் தாராளமாகத் தேறலாம். எஃப்பிஐ ஏஜென்டுகளின் தகுதித் தேர்வு 25 கஜம் வரை போகிறது. அங்கே அது கைகொடுக்கத் திணறும். இதே கம்பெனி பிற்பாடு எஃப்8, ஆர்3டி என்று காடி வைத்த சைட்டுகளையும் விற்க ஆரம்பித்தது. வாடிக்கையாளர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

முக்கோணக்காரர்கள் வேறு ரகம். 1999இல் வந்த ஆஸ்திரியாவின் ஸ்டேயர் எம் வரிசைப் பிஸ்டல்களில் முன்னால் ஒரு வெள்ளை முக்கோணம், பின்னால் அதன் சரிவுகளுக்கு இணையாகச் சாய்ந்த இரண்டு சுவர்கள். முக்கோணத்தின் நுனி எங்கே தொடுகிறதோ அங்கே குண்டு. இதே பாணியில் பிற துப்பாக்கிகளுக்கு வெளியில் வாங்கி மாட்டும்படி வந்தது அட்வான்டேஜ் டாக்டிகல் சைட்: பின்னால் கூம்பின் அடிப்பகுதி, முன்னால் அதன் நுனி, இரண்டும் சேர்ந்தால் முழுக்கூம்பு. நிறத் துண்டுகளை மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளலாம்.

பிக் டாட்டைவிட இது எனக்கு மரியாதைக்குரிய யோசனையாகப் படுகிறது, ஏனென்றால் இது எதையும் முழுசாக எறிந்துவிடவில்லை. நுனி கூர்மையானது; இலக்கை மறைக்காது. சிக்கல் வேறு இடத்தில். முள் பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு பக்க இடைவெளி குறுகி மறுபக்கம் அகலும். முள் மேலே போனால் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்து மாறும். அதாவது இட வலம், மேல் கீழ் என்ற இரண்டு செய்திகளும் அதே இரண்டு கீற்றுகள் வழியாகவே வருகின்றன. சதுர சைட்டில் இரண்டுக்கும் தனித்தனி வழி உண்டு. இங்கே கண் அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். பழகியவர்கள் வேகமாகப் படிக்கிறார்கள்; சிலருக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை. மங்கிய வெளிச்சத்தில் முதலில் மறைவதும் அந்த நுனிதான். எந்தப் புள்ளியை நம்பிக் குறிவைக்கிறோமோ அதுவே காணாமல் போவது நல்ல ஏற்பாடு இல்லை. ஸ்டேயர் வாங்கினால் அதனோடு வரும் முக்கோணத்துக்கு நியாயமான அவகாசம் கொடுத்துப் பாருங்கள். அதற்கு வெளியில் மாற்று கிடைப்பதும் குறைவு. கிளாக்கில் இருப்பதைக் கழற்றிவிட்டு முக்கோணம் மாட்டுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

வடிவ விசித்திரத்தின் உச்சம் இன்று கடையில் கிடைக்காது, ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1970களில் நியூயார்க்கில் பாரிஸ் தியோடர் என்பவர் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 39 பிஸ்டலை அறுத்துச் சுருக்கி ஏஎஸ்பி என்ற ரகசியச் சுமப்புத் துப்பாக்கியைச் செய்தார். அதில் முள்ளே கிடையாது. ஸ்லைடு எனப்படும் நகரும் மேல்பகுதியில் ஓடை போன்ற ஒரு பள்ளம், உள்சுவர்களில் மஞ்சள் பூச்சு. துப்பாக்கி நேராக இருந்தால் இரண்டு சுவர்களும் தரையும் சம அளவில் தெரியும். கோணினால் ஒரு சுவர் தடிக்கும். ‘கட்டர்ஸ்னைப்’ என்று அதற்குப் பெயர். கோட்டுக்குள்ளிருந்து உருவும்போது துணியில் மாட்ட எதுவுமே இல்லை, அதற்காகத்தான் அப்படிச் செய்தார். அந்த நோக்கத்தில் அது முழு வெற்றி. ஆனால் ஓடையின் நீளமே சைட் ரேடியஸ் என்றாகிவிட்டதால் அருகில் மட்டுமே நம்பலாம். இந்தத் தர்க்கத்தை இன்னும் ஒரு படி இழுத்தால் சீகேம்ப் கம்பெனியின் குட்டி .32 பிஸ்டல் வரும். அதில் சைட்டே இல்லை. மேலே வழவழவென்று இருக்கும். அந்தத் துப்பாக்கி எவ்வளவு தூரத்துக்கு என்பதை அதைவிட நேர்மையாகச் சொல்ல முடியாது.

கோஸ்ட் ரிங் எனப்படும் வளையத்தைப் பிஸ்டலில் மாட்டுவதை மட்டும் தவிர்த்துவிடலாம். ரைஃபிளிலும் ஷாட்கன்னிலும் வளையம் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் விளிம்பு மங்கிக் கரைந்துவிட, கண் தானாகவே மையத்தைத் தேடிக்கொள்கிறது. பிஸ்டலில் வளையம் கை நீளத்துக்கு அப்பால் போய்விடும். கரைவதற்குப் பதிலாக இலக்கின் குறுக்கே ஒரு கறுப்பு வட்டமாக நிற்கும். ஒரு கருவியில் நன்றாக வேலை செய்ததன் காரணம் இன்னொரு கருவியில் இல்லாமலே போய்விடுகிறது.

வடிவத்தை மாற்றாமல் புள்ளிகளையும் நிறங்களையும் மட்டும் மாற்றும் சைட்டுகளில்தான், என் கணக்கில், கொடுக்கும் காசுக்கு மதிப்பு இருக்கிறது. இருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பச்சைப் புள்ளிகள் கொண்ட டிரிடியம் சைட் பல வருடங்களாகச் சந்தையை ஆள்கிறது. கும்மிருட்டில் முள்ளும் காடியும் தெரியாது, மூன்று புள்ளிகள் மட்டும் மிதக்கும். அவசரத்தில் முன் புள்ளி நடுவில் நிற்பதற்குப் பதில் பின் புள்ளிகள் இரண்டுக்கும் வெளியே ஓரமாக நின்றாலும் வரிசையாக மூன்று தெரியத்தான் செய்யும். சரியாக இருக்கிறது என்று விரல் அழுத்திவிடும். இந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முன் புள்ளியை வேறு நிறமாகவோ பெரிதாகவோ வைப்பது. டிரிஜிகானின் எச்டி வகை முன் விளக்கைச் சுற்றி ஆரஞ்சு அல்லது மஞ்சள் வளையம் போடுகிறது. மற்றொன்று, ஹைனி கம்பெனியின் ஸ்ட்ரெய்ட் எய்ட். பின்னால் காடிக்குக் கீழே ஒரே புள்ளி, முன்னால் ஒரு புள்ளி. ஒன்றின்மேல் ஒன்று நின்றால் எட்டு வடிவம். பகலில் அது சாதாரண சதுர சைட்டாகவே இருக்கும், துல்லியத்தில் எதையும் இழக்கவில்லை. இருட்டில் இரண்டே புள்ளிகள் என்பதால் குழப்பிக்கொள்ள வழியில்லை. விசித்திரம் என்று பெயரெடுத்தவற்றில் நான் தயங்காமல் சிபாரிசு செய்யக்கூடியது இதுதான்.

டிரிடியத்தைப் பற்றி வாங்குபவர்கள் மறப்பது அதன் ஆயுள். அதன் அரை ஆயுள் 12.3 வருடம். பன்னிரண்டு வருடத்தில் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அதற்கப்புறமும் மங்கிக்கொண்டே போகும். பழைய துப்பாக்கியோடு ‘நைட் சைட் இருக்கிறது’ என்று விலை ஏற்றிச் சொன்னால் கைகளைக் குவித்து அதற்குள் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஃபைபர் ஆப்டிக் முள் வெளிச்சத்தைச் சேகரித்து நுனியில் கொட்டும் ஒரு நிறக்குச்சி, 1 மி.மீ. அல்லது 1.5 மி.மீ. தடிமன். வெயிலில் அது நெருப்புப்பொறி. போட்டிகளில் சுடுபவர்கள் கறுப்புப் பின் சைட்டோடு சேர்த்து இதைத்தான் அதிகம் விரும்புகிறார்கள். பலவீனம் ஒன்று உண்டு: வெளிச்சம் குச்சியின்மேல் விழ வேண்டும். உள்ளரங்கச் சுடுதளத்தில் நாம் நிற்கும் இடம் மங்கலாகவும் அட்டை இருக்கும் இடம் பிரகாசமாகவும் இருக்கும். ஃபைபருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. அங்கே வைத்துப் பார்த்துவிட்டு இது சரியில்லை என்று கழற்றியவர்களும் இருக்கிறார்கள், வெயிலில் பார்த்துவிட்டு இரவுப் பாதுகாப்புக்கு இதுவே போதும் என்று முடிவு கட்டியவர்களும் இருக்கிறார்கள். டிரிடியமும் ஃபைபரும் ஒரே முள்ளில் சேர்ந்தவை உண்டு. டிரூகுளோ அதற்குப் பெயர் போனது.

ஒரு டாலர்கூடச் செலவழிக்க மனமில்லாதவருக்கு நெயில் பாலிஷ் இருக்கிறது. இருக்கும் முள்ளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வெள்ளை ஒரு பூச்சு, காய்ந்ததும் ஒளிரும் ஆரஞ்சு இரண்டு பூச்சு. பின் சைட்டின் வெள்ளைக் கோட்டைக் கறுப்பு மார்க்கரால் அழித்துவிட வேண்டும். விசித்திர சைட்டுகள் வாக்களிக்கும் வேகத்தில் பெரும்பங்கு ‘முள் சட்டென்று தெரிகிறது’ என்பதிலிருந்து மட்டுமே வருகிறது. அந்தப் பங்கு இங்கே ஏறக்குறைய இலவசம். இதைச் செய்து ஒரு மாதம் சுட்டுப் பார்த்த பிறகும் குறை தெரிந்தால் கடைக்குப் போகலாம்.

வேகம் வேண்டும் என்பதற்காகத்தான் வடிவத்தை மாற்றுகிறோம் என்ற வாதத்துக்கு ஒலிம்பிக்கில் ஒரு பதில் இருக்கிறது. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் ஐந்து இலக்குகள், ஐந்து தோட்டாக்கள், முதலில் 8 நொடி, பிறகு 6, கடைசியில் 4. லண்டனில் 2012இல் நம் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இதில்தான். சர்வதேசச் சுடுதல் விதிகள் பிஸ்டலுக்குத் திறந்த சைட்டை மட்டுமே அனுமதிக்கின்றன, வீரர்கள் எல்லோரும் வைத்திருப்பது சதுர முள்ளும் சதுரக் காடியும். நான்கு நொடியில் ஐந்து இலக்கு என்பது மெதுவான வேலை இல்லை. அவர்கள் கை வேறு, நம் கை வேறு, உண்மைதான். ஆனால் தடை சைட்டின் வடிவத்தில் இல்லை என்பதாவது தெரிந்துவிடுகிறது.

பல சமயம் அந்தத் தடை கண்ணில்தான் இருக்கிறது. நாற்பதைத் தாண்டியதும் அருகில் இருப்பது மங்கத் தொடங்கும். முள் பஞ்சாகத் தெரியும். உடனே பெரிய புள்ளி வாங்குகிறார்கள். படிக்கும் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அதுவும் உதவாது, ஏனெனில் அது 40 செ.மீ. தூரத்துக்கானது, முள் இருப்பது 75 செ.மீ. தாண்டி. கண் மருத்துவரிடம் ‘கை நீட்டினால் விரல் நுனிக்குக் கொஞ்சம் அப்பால் தெளிவாகத் தெரிய வேண்டும்’ என்று சொல்லி, கம்ப்யூட்டர் கண்ணாடி மாதிரி ஒன்று செய்துகொண்டால் பழைய சைட்டே புதுசாகிவிடும். துப்பாக்கியோடு போகத் தேவையில்லை, தூரத்தை அளந்துகொண்டு போனால் போதும். ஆனால் இரவில் வீட்டில் ஏதோ சத்தம் கேட்டு எழும்போது கண்ணாடியைத் தேட முடியாது என்பவரின் கவலையும் நியாயமானது. அவர் துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே போகாது, கூடத்தைத் தாண்டிய தூரமும் அதற்கு வராது என்றால், பிக் டாட் அவருக்குச் சரியான பொருள். அவர் ஒருவருக்காகத்தான் அது செய்யப்பட்டது என்றுகூடச் சொல்லலாம்.

இந்தச் சந்தையின் காலடியில் இருந்த மண்ணையே, சின்னக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் அரித்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். டிரிஜிகானின் ஆர்எம்ஆர் 2009இல் வந்தது. கிளாக் 2015இல் ஸ்லைடிலேயே இடம் வெட்டித் தர ஆரம்பித்தது. 2017இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் பிஸ்டலின் ஸ்லைடும் அப்படித்தான். இலக்கைப் பார்த்துக்கொண்டே சுடு, முள்ளையும் காடியையும் பொருத்தாதே என்று உருண்டையும் முக்கோணமும் ஓடையும் வாக்களித்ததை, துல்லியத்தை இழக்காமல் நிறைவேற்றியது இந்தச் சிவப்புப் புள்ளிதான். விசித்திர அயர்ன் சைட்டுக்கு நூறு டாலரைத் தாண்டிச் செலவழிக்கத் தயாராக இருப்பவர் முதலில் யாரிடமாவது ரெட் டாட் வாங்கிச் சுட்டுப் பார்ப்பது நல்லது. விலை இரண்டு மூன்று மடங்கு, பேட்டரி கவலை, ஸ்லைடு வெட்டும் கூலி, எல்லாம் உண்டு. ஆஸ்டிக்மாட்டிசம் உள்ள கண்ணுக்கு அந்தப் புள்ளி வட்டமாகத் தெரியாமல் சிதறிய பூச்சியாகத் தெரிவதும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் அயர்ன் சைட்டுக்கே திரும்பி வருகிறார்கள்.

வாங்குவதற்கு முன் சோதிப்பது எப்படி? நண்பரின் துப்பாக்கியோ சுடுதளத்தின் வாடகைத் துப்பாக்கியோ கிடைத்தால், முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, வெற்றுச் சுவரை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை உயர்த்துங்கள். கண்ணைத் திறந்ததும் எது முதலில் தெரிகிறது, கோணியிருந்தால் அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். வேண்டுமென்றே முள்ளைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்து, எந்த அளவில் உங்கள் கண் ஆட்சேபிக்கிறது என்றும் பாருங்கள். சுடுதளத்தில் 7, 15, 25 மீட்டர் மூன்றிலும் உங்கள் பழைய சைட்டோடு மாற்றி மாற்றிச் சுட வேண்டும். புதியதை மட்டும் சுட்டால் புதுப்பொருளின் உற்சாகம் நம்மை ஏமாற்றிவிடும். பெரும்பாலானவர்கள் 7 மீட்டரோடு நிறுத்திக்கொண்டு மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போகிறார்கள். எல்லா சைட்டும் நல்ல சைட்டாகத் தெரியும் தூரம் அதுதான். பிரகாசமான ஜன்னலை எதிரே வைத்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எதிர்வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளி வெறும் கறுப்பு உருவமாகிவிடும். அப்போது மிஞ்சுவது வடிவம் மட்டுமே. போட்டியில் சுடுபவராக இருந்தால் உங்கள் பிரிவின் விதிப்புத்தகம் எந்த வடிவத்தை அனுமதிக்கிறது என்று படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

மாட்டும் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. கிளாக்கின் முள் ஸ்லைடுக்கு உள்ளிருந்து ஒரு சின்ன ஆறுமுனைத் திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். அதற்கென்றே மெல்லிய சாக்கெட் தனியாக விற்கிறார்கள். திருகில் துளி லாக்டைட் பசை வைக்காவிட்டால் சில நூறு தோட்டாக்களில் முள் பறந்துவிடும். பின் சைட் டவ்டெயில் காடிக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருப்பது. டிரிடியம் விளக்கு உள்ள சைட்டைச் சுத்தியலால் தட்டினால் உள்ளிருக்கும் கண்ணாடிக் குழாய் உடையலாம். தள்ளும் கருவி உள்ள கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடுவது உத்தமம். ஹோல்ஸ்டரையும் மறக்க வேண்டாம்: கைடெக்ஸ் உறையின் நடுவில் முள் வழுக்கிப் போக ஒரு வாய்க்கால் இருக்கும், 5 மி.மீ. உருண்டைக்கு அது போதாவிட்டால் ஒவ்வொரு முறை உருவும்போதும் உரசும்.

மாட்டியதும் 25 மீட்டரில், கையை மணல் மூட்டைமேல் தாங்கி வைத்து, ஐந்து தோட்டா சுட்டுப் பாருங்கள். குண்டுகள் இடமோ வலமோ போனால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகப் பின் சைட்டைத் தள்ள வேண்டும். உயரத்துக்குக் கணக்கு இருக்கிறது: பிழையை சைட் ரேடியஸால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். கிளாக் 17இல் 10 செ.மீ. கீழே விழுகிறது என்றால் 100 பெருக்கல் 165, வகுத்தல் 25,000, விடை 0.66 மி.மீ. அந்த அளவு குட்டையான முள் வேண்டும், அல்லது அந்த அளவு உயரமான பின் சைட். கிளாக் தன் பின் சைட்டை 6.1, 6.5, 6.9, 7.3 மி.மீ. என்று நான்கு உயரங்களில் விற்கிறது. ஒரு படி மாற்றினால் 25 மீட்டரில் 6 செ.மீ. நகரும். விசித்திர சைட்டுகளில் பலவற்றுக்கு இப்படி உயரத் தேர்வு கிடையாது, ஒரே அளவுதான். ஆர்டர் போடும் முன் மாற்று உயரத்தில் முள் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய சைட்டைத் திருகோடு ஒரு உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை விற்கும் நாளில் வாங்க வருபவர் கேட்பார்.